வணிக மனைக்கு 6 அடி வேலி போதாதபோது: நியூஜெர்சியில் சோனிங் வேரியன்ஸ் வாங்கும் முழு வழி

வணிக மனையைச் சுற்றி உயரமான வேலி போட நினைப்பவர் முதலில் கூப்பிடுவது வேலி காண்டிராக்டரைத்தான். அவர் வந்து அளப்பார், விலை சொல்வார், முன்பணமும் வாங்கிக்கொள்வார். பிறகு டவுன்ஷிப் அலுவலகத்துக்கு பர்மிட் விண்ணப்பம் போகும். ‘இந்த இடத்தில் 6 அடிக்கு மேல் கூடாது’ என்று திரும்பி வரும். கம்பிக்கும் தூணுக்கும் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, இனி விதிவிலக்கு (இதைத்தான் வேரியன்ஸ் என்பார்கள்) கேட்டு ஊரின் சோனிங் போர்டு முன்னால் போய் நிற்க மாதக்கணக்கில் ஆகும் என்பது அப்போதுதான் உறைக்கும். வரிசையை மாற்றுங்கள். முதலில் விதி, அடுத்து நிலம், அதற்கப்புறம் போர்டு. காண்டிராக்டர் கடைசியில் வந்தால் போதும்.

ஊரைப் பகுதிகளாக (சோன்களாக)ப் பிரித்து எங்கே என்ன, எந்த அளவில் வரலாம் என்று சொல்வது சோனிங் விதி. அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஊருக்கு ஊரும் மாறும். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் எதுவும் உருப்படியாகச் சொன்னதாக இருக்காது. அதனால் நியூஜெர்சியை எடுத்துக்கொள்கிறோம். எடிசன் வட்டாரத்தில் கடையும் கிடங்கும் நடத்தும் தமிழர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்ற மாநிலத்தார் வேறுபாடுகளைப் பின்னால் வரும் ஒரு பத்தியில் பார்க்கலாம். நியூஜெர்சியில் எல்லா ஊர்களுக்கும் பொதுவான நடைமுறையைச் சொல்வது 1975இல் இயற்றப்பட்ட முனிசிபல் லேண்ட் யூஸ் லா என்ற மாநிலச் சட்டம். வேலி எத்தனை அடி என்பதை மட்டும் அந்தந்த ஊரின் ஆர்டினன்ஸ், அதாவது உள்ளூர்ச் சட்டம், முடிவு செய்யும்.

வேரியன்ஸ் உண்மையிலேயே தேவையா?

ஆர்டினன்ஸை நீங்களே படியுங்கள். பெரும்பாலான ஊர்களின் சட்டத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘ஃபென்ஸ்’ என்று தேடி அந்தப் பிரிவைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். வரையறைப் பிரிவு, உங்கள் சோனுக்குரிய பிரிவு, வெளியில் சரக்கு வைப்பது பற்றிய பிரிவு, குப்பைத் தொட்டி மறைப்பு பற்றிய பிரிவு எல்லாவற்றையும் பாருங்கள். சில ஊர்களில் வீட்டு மனைக்கு 6 அடி, தொழில் சோனுக்கு 8 அடி என்று தனியாகவே அனுமதி இருக்கும். அப்படி இருந்தால் வேரியன்ஸே வேண்டாம், சோனிங் பர்மிட் போதும்.

சறுக்கும் இடம் உயரத்தை எப்படி அளப்பது என்பதில். வேலியின் அடியில் இருக்கும் தரையிலிருந்தா, பக்கத்து மனையின் தரையிலிருந்தா, இரண்டில் தாழ்ந்த பக்கத்திலிருந்தா? தடுப்புச் சுவர் ஒன்று இருந்து அதன் மேல் வேலி நின்றால் இரண்டையும் சேர்த்து அளக்கும் ஊர்கள் உண்டு. 3 அடிச் சுவர் மேல் 6 அடி வேலி என்றால் அங்கே அது 9 அடி வேலி. தூணின் தொப்பி கணக்கில் வருமா, மேலே ஓடும் முள்கம்பி கணக்கில் வருமா என்பதையும் பாருங்கள். முள்கம்பியை முற்றிலும் தடை செய்யும் ஊர்களில் உயரத்துக்கு ஒரு வேரியன்ஸ், முள்கம்பிக்கு இன்னொன்று என்று இரண்டு கேட்க வேண்டியிருக்கும். எங்கள் கருத்து: முள்கம்பியைக் கைவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு போனால் போர்டு உறுப்பினர்கள் உங்கள் மனையைச் சிறைச்சாலையாகக் கற்பனை செய்யத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் உயரத்தைப் பற்றிப் பேசவே நேரம் இருக்காது.

மூலை மனை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு தெரு தொட்டால் பெரும்பாலான ஊர்களில் இரண்டு ‘முன்பக்கம்’ என்று கணக்கு. கடையின் பக்கவாட்டு என்று நீங்கள் நினைக்கும் இடம் சட்டத்தில் முன்முற்றம். அங்கே 4 அடிக்கு மேல் கூடாது என்றிருக்கலாம். அதோடு தெருச் சந்திப்பிலும் வாகன வழி வாயிலிலும் பார்வை முக்கோணம் என்று ஒன்று உண்டு. ஓட்டுநர் கண்ணுக்கு எதிர்வரும் வண்டி தெரிய வேண்டிய அந்த இடத்தில் 30 அங்குலத்துக்கு மேல் எதுவும் மறைக்கக் கூடாது என்பது பல ஆர்டினன்ஸ்களில் உள்ள அளவு. உயரத்துக்கு விலக்கு கிடைத்தாலும் கிடைக்கும், பார்வை முக்கோணத்தில் கிடைப்பது அரிது. வேலியை அந்த மூலையில் உள்ளே தள்ளிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

படித்தும் விளங்கவில்லை என்றால் சோனிங் ஆபீசரிடம் எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் வாய்மொழியாக வரும் பதிலை நம்பிக் கம்பி வாங்கக் கூடாது. அவர் தரும் விளக்கம் தவறு என்று தோன்றினால், அதை எதிர்த்து சோனிங் போர்டுக்கு மேல்முறையீடு செய்ய 20 நாள்தான் அவகாசம். வேரியன்ஸ் மட்டும் கேட்பதானால், மறுப்புக் கடிதத்துக்காகக் காத்திராமல் நேரடியாகவே போர்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

சி வேரியன்ஸா, டி வேரியன்ஸா?

இந்த ஒரு எழுத்து மொத்தச் செலவையும் மாற்றிவிடும். சட்டத்தின் 40:55டி-70 பிரிவில் இருவகை விலக்கு இருக்கிறது. ‘சி’ என்பது அளவு சார்ந்தது: உயரம், தூரம், பரப்பு. இதைப் பேச்சில் பல்க் வேரியன்ஸ் என்பார்கள். ‘டி’ என்பது பெரும்பாலும் பயன்பாடு சார்ந்தது. அந்த சோனில் அனுமதி இல்லாத தொழிலை நடத்தக் கேட்பது போன்றவை. சி விலக்குக்கு, தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் (கோரம்) வந்திருக்கும் கூட்டத்தில் பெரும்பான்மை போதும். டி விலக்குக்கு ஏழு பேர் கொண்ட போர்டில் 5 பேரின் ஆதரவு ஓட்டு வேண்டும். ஐந்து பேர் மட்டுமே வந்திருக்கும் இரவில் ஒருவர் மறுத்தாலும் முடிந்தது கதை.

உயரம் என்றதும் டி பிரிவில் வரும் உயர விலக்கைச் சொல்லி சிலர் பயமுறுத்துவார்கள். அது முதன்மைக் கட்டடத்தின் உயரம் அனுமதியைவிட 10 அடியோ 10 சதவீதமோ மிஞ்சினால் வருவது. வேலி முதன்மைக் கட்டடம் ஆகாது. வேலி உயரம் சி கணக்கில்தான் வரும்.

ஆனால் வேலி எதற்கு என்ற கேள்வியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பின்முற்றத்தில் அடுக்கி வைத்த பாலெட்டுகளையும் (சரக்கு வைக்கும் பலகைத் தட்டுகள்) பழுதான வண்டிகளையும் மறைக்க 8 அடி கேட்கிறீர்கள். அந்த சோனில் திறந்தவெளியில் சரக்கு வைக்கவே அனுமதி இல்லை. வேலிக்காகப் போனவர் தானே வாயைத் திறந்து, அனுமதி இல்லாத பயன்பாட்டை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். விஷயம் டி பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் தொழிலே பழைய காலத்து அனுமதியில் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போதைய விதிக்குப் பொருந்தாது என்றாலும் இதே ஆபத்து உண்டு: வேலி போட்டு முற்றத்தைப் பயன்படுத்துவது தொழிலை விரிவாக்குவது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். விண்ணப்பம் எழுதும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

எந்த போர்டு என்பது அடுத்த கேள்வி. வேலி மட்டும் என்றால் சோனிங் போர்டு (முழுப் பெயர் சோனிங் போர்டு ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்). கட்டட விரிவாக்கம், புது பார்க்கிங் என்று சைட் பிளானும் (மனையின் முழு அமைப்புத் திட்டம்) சேர்ந்து போனால் பிளானிங் போர்டே சி விலக்கையும் தரலாம். சிறிய ஊர்களில் இரண்டுக்கும் ஒரே போர்டு. உங்கள் மனைக்கு முன்பு சைட் பிளான் அனுமதி கிடைத்திருந்தால் அந்தத் தீர்மானத்தின் நகலை டவுன்ஷிப் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பின் எல்லையில் 6 அடி மரவேலியும் பசுமை வரிசையும் இருக்க வேண்டும்’ என்று அதில் நிபந்தனை இருந்தால் அதையும் மாற்றக் கேட்க வேண்டும்.

போர்டு கேட்க விரும்பும் காரணம்

‘ராத்திரியில் திருட்டு நடக்கிறது, அதனால் உயரமான வேலி வேண்டும்.’ இப்படி ஒரு வரியில் விண்ணப்பம் எழுதுகிறவர்கள்தான் அதிகம். கேட்பதில் தப்பில்லை. சட்டத்தில் மட்டும் அது நிற்காது. திருட்டு எல்லாக் கடைக்கும் பொது. இதற்காகக் கொடுத்தால் ஊரில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று போர்டு வழக்கறிஞர் சொல்லிவிடுவார். விலக்கு நிலத்துக்குத் தரப்படுவது. நாளை நீங்கள் விற்றுவிட்டுப் போனாலும் அது மனையோடு ஓடும். ஆகவே காரணமும் நிலத்திலிருந்து வர வேண்டும்.

சி விலக்குக்கு இரண்டு வாசல் உண்டு. முதல் வாசல், சி-1: மனையின் குறுகல், ஆழமின்மை, வடிவம், மேடுபள்ளம், அல்லது அந்த மனைக்கோ அதில் சட்டப்படி நிற்கும் கட்டடத்துக்கோ மட்டும் உள்ள அசாதாரண நிலைமை காரணமாக விதியை அப்படியே பின்பற்றினால் அளவுக்கு மீறிய சிரமம் வரும் என்று காட்டுவது. மனையே பயனற்றுப் போகும் என்று நிரூபிக்கத் தேவையில்லை; ஆனால் சிரமம் உரிமையாளரின் சொந்தச் சிரமமாக இருக்கக் கூடாது என்பதை 1999இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் லாங் வழக்கில் தெளிவுபடுத்தியது. இரண்டாம் வாசல், சி-2: சட்டத்தின் நோக்கம் ஒன்று இந்த விலக்கால் நிறைவேறுகிறது, நன்மை தீமையைவிடக் கணிசமாக அதிகம் என்று காட்டுவது. 1988இல் வந்த காஃப்மன் வழக்குத் தீர்ப்பு இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: நன்மை உரிமையாளருக்கு மட்டும் என்றால் போதாது, ஊருக்கும் இருக்க வேண்டும்.

இரண்டு வாசலில் எதில் நுழைந்தாலும் இன்னொரு சோதனை கூடவே வரும். பொதுநலனுக்குக் கணிசமான கெடுதல் இல்லை, ஊரின் சோனிங் திட்டத்தின் நோக்கம் கணிசமாகக் குலையவில்லை என்பதைக் காட்டியாக வேண்டும். நெகட்டிவ் கிரைட்டீரியா என்று இதைச் சொல்வார்கள். பலர் முதல் பாதியை அருமையாகப் பேசிவிட்டு இதைத் தொடாமலே உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்தில் தப்பித்தாலும், அண்டை வீட்டார் கோர்ட்டுக்குப் போனால் அந்த ஓட்டைதான் முதலில் தெரியும்.

நிலத்திலிருந்து காரணம் எடுப்பது எப்படி? ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் பின்முற்றம் பக்கத்து வீட்டுத் தோட்டத்தைவிட 3 அடி தாழ்வு. உங்கள் தரையிலிருந்து எழும் 6 அடி வேலி அந்த வீட்டுக்காரர் கண்ணுக்கு 3 அடிதான். சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில் (லோடிங் டாக்) நிற்கும் லாரியின் விளக்கு அவர் சமையலறை ஜன்னலில் நேராக அடிக்கும். 8 அடி போட்டால் அவர் பக்கம் 5 அடி தெரியும். இங்கே மேடுபள்ளம் சி-1க்குக் காரணம் தருகிறது; வீட்டையும் வணிகத்தையும் நல்ல முறையில் பிரிப்பதும், காட்சிச் சூழலைக் காப்பதும் சி-2க்குக் காரணம் தருகிறது. அண்டைவீட்டாருக்கே நன்மை என்பதால் நெகட்டிவ் கிரைட்டீரியாவும் பாதி தீர்ந்தது. அதே 8 அடியை ‘எனக்குப் பாதுகாப்பு வேண்டும்’ என்று கேட்டிருந்தால் இதில் ஒன்றும் வந்திருக்காது. பாதுகாப்பைச் சொல்லவே கூடாது என்பதில்லை. பின்புறம் ரயில் பாதையும் அதன் மேட்டு மண்ணும் ஒட்டி வருகிறது, மேட்டில் ஏறி நின்றால் வேலியைச் சுலபமாகத் தாண்டலாம் என்றால் அது நிலத்தின் இருப்பிடம் சார்ந்த பாதுகாப்புக் காரணம். அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

சத்தத்தைக் காரணமாகச் சொல்பவர்கள் கவனிக்க. சத்தம் வரும் இடத்துக்கும் கேட்பவருக்கும் இடையிலான நேர்கோட்டை மறைக்கும் கெட்டியான தடுப்புச் சுவர் ஏறக்குறைய 5 டெசிபல் குறைக்கும் என்பது நெடுஞ்சாலைத் துறையினரின் பொதுவான கணக்கு; அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 1.5 டெசிபல். இடைவெளி உள்ள மரவேலியும், பிளாஸ்டிக் பட்டை சொருகிய செயின் லிங்க் (பின்னல் கம்பி) வேலியும் இந்த வேலையைச் செய்யாது. செயின் லிங்க் படத்தைக் காட்டிக்கொண்டு சத்தம் குறையும் என்று சத்தியம் செய்தால், போர்டு எஞ்சினியர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்.

கேட்கும் அளவைச் சுருக்குங்கள். மனை சுற்றளவு முழுவதும் 10 அடி கேட்பதைவிட, வீட்டு எல்லையை ஒட்டிய 140 அடி நீளத்துக்கு மட்டும் 8 அடி, மற்ற இடங்களில் விதிப்படி 6 அடி என்று கேட்டால் ஓட்டு எளிதாக விழும். ‘8 அடி ஏன், 7 அடி ஏன் போதாது?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். பதிலுக்குக் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வேண்டும்: நிற்கும் மனிதனின் கண் மட்டம், லாரி விளக்கின் மட்டம், இரு பக்கத் தரை மட்டம், 6, 7, 8 அடிக் கோடுகள். வேலி வரும் இடத்தில் 8 அடிக் கம்பு நட்டு, பக்கத்து மனைப் பக்கமிருந்தும் தெருவிலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேசினாலும் அந்தப் படம் சொல்வதற்கு ஈடாகாது.

அனுமதியில்லாமல் வேலியை ஏற்கெனவே போட்டுவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். போர்டு அந்த மனுவையும் விசாரிக்கத்தான் செய்யும். ஆனால் பிரித்தெடுக்க இவ்வளவு செலவாகும் என்பது சிரமமாகக் கணக்கில் வராது. தானே உண்டாக்கிக்கொண்ட சிரமம் அது. வேலி இன்னும் இல்லாதது போல வாதத்தைக் கட்டுங்கள்.

வேறு மாநிலங்களில்

நியூயார்க்கில் அளவு விலக்குக்கு ஐந்து அம்சங்களைத் தராசில் போட்டுப் பார்ப்பார்கள்: அக்கம்பக்கத்தின் தன்மை மாறுமா, வேறு வழி உண்டா, கேட்பது பெரிதா, சுற்றுச்சூழல் பாதிப்பு, தானே உண்டாக்கிய சிரமமா. கடைசியது மட்டும் காரணமாக மறுக்க முடியாது. கலிபோர்னியாவில் அதே சோனில் உள்ள மற்ற மனைகளுக்கு இருக்கும் உரிமை உங்கள் நிலத்தின் தன்மையால் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். தனிச்சலுகையாக இருக்கக் கூடாது. டெக்சஸில் போர்டு உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், கோர்ட்டுக்குப் போக 10 நாள்தான். ஹூஸ்டனில் சோனிங்கே கிடையாது. அங்கே மனைப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

காகிதங்கள்

நகல் எத்தனை என்பது ஊருக்கு ஊர் மாறும். போர்டு செயலாளர் தரும் செக்லிஸ்ட்தான் வேதம். பொதுவாக இவை வேண்டியிருக்கும்:

- விண்ணப்பப் படிவம், எந்தப் பிரிவிலிருந்து எத்தனை அடி விலக்கு என்ற துல்லியமான வரியோடு
- உரிமம் பெற்ற சர்வேயர் முத்திரையிட்ட, இன்றைய நிலையைக் காட்டும் சர்வே
- வேலி ஓடும் கோடு, நீளம், எல்லையிலிருந்து தூரம், கேட் இடங்கள் குறித்த வரைபடம். முகப்புப் படமும் குறுக்குவெட்டும்
- நான்கு பக்கப் புகைப்படங்கள், எடுத்த தேதியோடு
- சொத்து வரி பாக்கி இல்லை என்ற சான்று
- நிறுவனத்தில் 10 சதவீதமும் அதற்கு மேலும் பங்குள்ளவர்களின் பட்டியல்
- வாடகைதாரர் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம்

விண்ணப்பக் கட்டணம் தனி, எஸ்க்ரோ என்ற முன்வைப்புத் தொகை தனி. போர்டு எஞ்சினியரும் வழக்கறிஞரும் உங்கள் கோப்பைப் பார்க்கும் நேரத்துக்கு இந்த எஸ்க்ரோவிலிருந்து கழிப்பார்கள். தீர்ந்தால் மறுபடி கட்டச் சொல்வார்கள், மீந்தால் திரும்பி வரும். அரைகுறை வரைபடம் கொடுத்தால் அவர்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் உங்கள் கணக்கில் ஏறும். நல்ல வரைபடம் உண்மையில் மலிவு.

கடை உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் நீங்களே வாதாடலாம். கார்ப்பரேஷன், எல்எல்சி பெயரில் இருந்தால் வழக்கறிஞர் இல்லாமல் போர்டு கேட்காது. வணிக மனைகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. கூட்ட இரவில் போய் இதைத் தெரிந்துகொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. உரிமம் பெற்ற பிளானர் (நிலப் பயன்பாட்டுத் திட்ட வல்லுநர்) ஒருவரைச் சாட்சியாக வைப்பது கட்டாயமில்லை. சி-2 வழியாகப் போகிறீர்கள், எதிர்ப்பும் இருக்கிறது என்றால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த 45 நாளுக்குள் அது முழுமையானதா என்று போர்டு தரப்பு சொல்ல வேண்டும். முழுமையானதிலிருந்து 120 நாளுக்குள் சோனிங் போர்டு முடிவெடுக்க வேண்டும். அவகாசம் நீட்டிக்க உங்கள் ஒப்புதலைக் கேட்பார்கள். முறைத்துக்கொள்ளாமல் கொடுப்பதுதான் வழக்கம்.

நோட்டீஸ்: அதிகம் தவறும் இடம்

வாதம் தவறினால் ஒரு ஓட்டு போகும். நோட்டீஸ் தவறினால் கூட்டமே செல்லாது, கிடைத்த அனுமதியும் செல்லாது. போர்டுக்கு உங்கள் மனுவைக் கேட்கும் அதிகாரம் வருவதே சரியான நோட்டீஸால்தான்.

மனையின் எல்லாப் பக்கமும் 200 அடிக்குள் உள்ள உரிமையாளர்கள் அனைவருக்கும், கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால், நேரிலோ சர்டிஃபைட் மெயிலிலோ நோட்டீஸ் போக வேண்டும். பட்டியலை நீங்களாகத் தயாரிக்காதீர்கள். டவுன்ஷிப்பிடம் எழுதிக் கேட்டால் 7 நாளுக்குள் தருவார்கள். கட்டணம் 10 டாலர் அல்லது பெயருக்கு 25 சென்ட், எது அதிகமோ அது. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும் பட்டியலை நம்பியவருக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. நீங்களே தயாரித்த பட்டியலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அண்டைவீட்டார் மட்டும் போதாது. 200 அடிக்குள் அடுத்த ஊரின் எல்லை வந்தால் அந்த ஊர் கிளார்க்குக்கும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பிளானிங் போர்டுக்கும், கவுண்டி சாலையை ஒட்டியிருந்தால் கவுண்டி போர்டுக்கும், மாநில நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தால் போக்குவரத்துத் துறை ஆணையருக்கும் அனுப்ப வேண்டும். ஊரில் பதிவு செய்துள்ள மின்சார, எரிவாயு, கேபிள் நிறுவனங்களும் பட்டியலில் இருந்தால் அவர்களுக்கும் போகட்டும். இதே 10 நாள் கணக்கில் ஊரின் அதிகாரபூர்வ வெளியீட்டில் பொது அறிவிப்பு விளம்பரமும் வர வேண்டும். வாரம் ஒருமுறை வரும் இதழ் என்றால் விளம்பரக் கடைசி நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரணத்தால் மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போவது சர்வ சாதாரணம்.

நோட்டீஸில் கூட்டத்தின் தேதி, நேரம், இடம், மனையின் முகவரி அல்லது பிளாக்-லாட் எண் (வரி வரைபடத்தில் மனைக்குள்ள எண்), ஆவணங்களை எங்கே எப்போது பார்க்கலாம், என்ன கேட்கிறீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ‘பிரிவு இன்னதன்படி பல்க் வேரியன்ஸ்’ என்று மட்டும் எழுதினால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்ன புரியும்? ‘6 அடி அனுமதியுள்ள இடத்தில் பின் எல்லையில் 140 அடி நீளத்துக்கு 8 அடி உயரக் கெட்டி வேலி’ என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி எழுதுங்கள். கோர்ட்டுகள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கடைசியில் ‘போர்டு தேவையெனக் கருதும் பிற விலக்குகளும்’ என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். முக்கிய விஷயத்தை எழுதாமல் விட்டதை அந்த வரி காப்பாற்றாது. வரைபடங்களும் கூட்டத்துக்கு 10 நாள் முன்னால் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அஞ்சல் ரசீதுகள், விளம்பரத்துக்கான சான்று, நோட்டீஸ் அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரம் மூன்றையும் செயலாளரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

நோட்டீஸ் தபாலில் போய்ச் சேர்வதற்கு முன்பே பின்வீட்டாரிடம் நேரில் போய் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். சர்டிஃபைட் மெயில் வந்தாலே ஏதோ வழக்கு என்று நினைத்து ஆள் திரட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அக்கம்பக்கத்தாரிடம் பேசலாம். போர்டு உறுப்பினர்களிடம் மட்டும் கூட்டத்துக்கு வெளியே இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது, கோயிலில் தினமும் பார்க்கிறவராக இருந்தாலும் சரி.

கூட்ட இரவு

சத்தியப்பிரமாணம் எடுத்துத்தான் பேசுவீர்கள், எல்லாம் பதிவாகும். படங்களுக்கு ஏ-1, ஏ-2 என்று எண் போடுவார்கள். பேசும்போது ‘இங்கே’, ‘அந்தப் பக்கம்’ என்று விரலால் காட்டாமல் ‘ஏ-2 படத்தில் வடக்கு எல்லை’ என்று சொல்லுங்கள். பின்னால் எழுத்துப் பதிவைப் படிக்கும் நீதிபதிக்கு உங்கள் விரல் தெரியாது.

எண்ணிக்கையைப் பாருங்கள். டி விலக்கும் சேர்ந்த கோப்பு என்றால், ஏழு பேர் இல்லாத இரவில் ஒத்திவைக்கக் கேட்கலாம். அடுத்த தேதியை அதே கூட்டத்தில் அறிவித்து, மறு நோட்டீஸ் தேவையில்லை என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். கேமராவும் விளக்கும் போதாதா? வேலியின் நல்ல பக்கம் (தூணும் சட்டமும் தெரியாத பக்கம்) யாரை நோக்கி? தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு, வண்டிப் பாதை 20 அடி அகலம் தடையின்றி இருக்கிறது, கேட்டில் தீயணைப்புத் துறைக்கான சாவிப் பெட்டி இருக்கும் என்று தயாராகப் போங்கள். முடிந்தால் தீயணைப்பு அதிகாரியின் கடிதம் ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். நிபந்தனைகள் போடுவார்கள்: வேலிக்கு வெளிப்புறம் பசுமை மாறா மரங்கள், முள்கம்பி கூடாது, நல்ல பக்கம் அண்டைவீட்டார் பக்கம். ஏற்கக்கூடியதைக் கேட்பதற்கு முன்பே நீங்களே முன்வைத்துவிடுவது நல்லது. ஆனால் மரம் நடுவதற்கு வேலிக்கு வெளியே 4, 5 அடி இடம் விட வேண்டுமே என்பதை யோசிக்காமல் தலையாட்டிவிடாதீர்கள். எல்லைக் கோட்டில் வேலி வரைந்துவிட்டு வெளிப்புறத்தில் மரம் என்று ஒப்புக்கொண்டால், மரம் பக்கத்து மனையில்தான் நிற்கும்.

காற்று எதிர்ப்பாக அடிப்பது தெரிந்தால், ஓட்டுக்கு விடும் முன் உயரத்தைக் குறைத்துத் திருத்திக்கொள்ள நேரம் கேளுங்கள். ஒருமுறை மறுத்துவிட்டால் அதே விண்ணப்பத்தை மறுபடி கொண்டுவர முடியாது. கணிசமாக மாற்றியாக வேண்டும்.

ஓட்டு விழுந்த பிறகு

கை தூக்கியதும் கடப்பாரையை எடுக்க வேண்டாம். எழுத்துத் தீர்மானம் 45 நாளுக்குள் நிறைவேறும். அதன் பிறகு முடிவு பொது அறிவிப்பாக வெளியாகும். வெளியான நாளிலிருந்து 45 நாள் யாரும் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்குள் வேலி போட்டால் உங்கள் சொந்தப் பொறுப்பில் போடுகிறீர்கள். தீர்மானத்தின் வரைவை வாங்கி, நீளம், உயரம், அளக்கும் இடம் மூன்றும் நீங்கள் கேட்டபடி இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். ‘8 அடி’ என்று மட்டும் இருந்து ‘மனுதாரரின் தரையிலிருந்து’ என்பது விடுபட்டால், அளக்க வரும் இன்ஸ்பெக்டரோடு தகராறு நிச்சயம்.

வேரியன்ஸ் கிடைத்ததால் மற்றதெல்லாம் தீர்ந்துவிடாது. வடிகால் ஈஸ்மென்ட், மின்கம்பி ஈஸ்மென்ட் (உங்கள் நிலத்தில் பிறருக்குள்ள பயன்பாட்டு உரிமை), பத்திரக் கட்டுப்பாடு, வாடகை ஒப்பந்தம் எதையும் போர்டு ரத்து செய்ய முடியாது. வெள்ளப் பகுதியில் கெட்டி வேலி நீரோட்டத்தைத் தடுக்கும் என்பதால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதியும் வேண்டியிருக்கலாம். உயரமான வேலிக்குக் கட்டுமான பர்மிட்டும் கேட்பார்கள்.

இங்கேதான் காண்டிராக்டருக்கு இடம். 6 அடிக்கு அவர் வழக்கமாகப் போடும் தூணையும் குழியையும் 8 அடிக்கும் போட விடாதீர்கள். காற்று தூணின் அடியில் கொடுக்கும் வளைவு விசை உயரத்தின் வர்க்கத்தில் கூடும்: 8 அடிக் கெட்டி வேலிக்கு 6 அடி வேலியைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. செயின் லிங்க் வேலிக்கு 10 அடி இடைவெளியில் தூண் நடுவது வழக்கம். அதில் மறைப்புப் பட்டை சொருகினால் காற்று ஊடுருவாது, இடைவெளியைக் குறைத்துத் தூணைத் தடிமனாக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் பெரும் புயலிலேயே வரிசை மொத்தமும் சாயும். அடித்தளம் உறைபனி மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும்; நியூஜெர்சியில் பொதுவாக 36 அங்குலம் வரை. மேலாக நட்டால் குளிர்காலத்தில் மண் உறைந்து தூணை மேலே தள்ளும். கேட் பூட்டுக்குப் பொருந்தாமல் போகும். தோண்டுவதற்குக் குறைந்தது 3 வேலைநாள் முன்னால் 811க்குக் கூப்பிட்டு நிலத்தடிக் குழாய்களைக் குறியிடச் சொல்வது சட்டக் கட்டாயம்.

பல ஊர்களில் வேரியன்ஸுக்கு ஆயுள் ஓராண்டு என்று ஆர்டினன்ஸில் இருக்கும். தீர்மானத்தின் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பர்மிட் எடுக்காமல் அந்தத் தேதி தாண்டினால் 200 அடிப் பட்டியலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வேலி நின்றதும் சர்வேயரை வைத்து உயரத்தையும் எல்லையிலிருந்து தூரத்தையும் அளந்து, இறுதிச் சர்வேயைத் தீர்மானத்தின் நகலோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். மனையை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் காகிதங்களில் அவை இரண்டும் இருக்கும்.